பேண்டசி ஆர்.பி.ஜி. காதல் பாதைகள்: ஓயாத சண்டைகளுக்குச் சில நேரான பதில்கள்

ஆர்.பி.ஜி. என்பது நாம் ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் விளையாட்டு வகை. அதில் போர் முறை மாறியதைப் பற்றி எழும் வாக்குவாதம் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன் விளையாட்டில் கல்லன் என்ற பாத்திரம் ஏன் ட்வார்ஃப் (குள்ளர் இன) பெண்ணைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்ற வாக்குவாதம் 2014-ல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. நாம் ஆடும் பாத்திரம் கதையில் இன்னொருவரைக் காதலிக்கும் கிளைகளே காதல் பாதைகள். அவற்றைப் பற்றி அப்படி ஓயாமல் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். டிராகன் ஏஜ் வரிசையும் பால்டர்ஸ் கேட் 3-உம் அதிக இடம் பிடிக்கும். விட்சர் 3, ஸ்கைரிம் இரண்டும் சுருக்கமாக வரும். கதை முடிச்சுகள் அவிழும், விளையாடி முடிக்காதவர்கள் பார்த்துப் படியுங்கள்.

ஒரு விளையாட்டில் யாரைக் காதலிக்கலாம் என்பதற்கு ஏன் இவ்வளவு சண்டை?

மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். யாருக்கு யார் கிடைப்பார் என்பது ஒன்று, அது வடிவமைப்பாளரின் முடிவு. காட்சி எப்போது, எப்படித் திறக்கும் என்பது இரண்டாவது. அது நிரலும் எண்களும் சம்பந்தப்பட்டது, சில சமயம் வெறும் பிழை. எழுதிய விதம் நன்றாக இருக்கிறதா என்பது மூன்றாவது, அது ரசனை. "கேல் என்னைத் துரத்துகிறான்" என்று பால்டர்ஸ் கேட் 3 ஆடிய ஒருவர் சொல்லும்போது அவர் பேசுவது பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றி. பதில் சொல்பவரோ முதலாவதைப் பற்றிப் பேசுகிறார். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் தெளிவாக்கினாலே பாதிச் சண்டை நின்றுவிடும்.

இன்னொரு காரணம், பழைய கணக்கு. 2000-ல் வந்த பால்டர்ஸ் கேட் 2-ல் ஆண் நாயகனுக்கு ஏரி, ஜஹேரா, விகோனியா என மூன்று பேர். பெண் நாயகிக்கு அனோமென் ஒருவர் மட்டும். ஒரே பாலினக் காதலுக்கு அதில் இடமே இல்லை. அதை விளையாடி வளர்ந்தவர்கள் அந்த 3-க்கு 1 கணக்கை மறக்கவில்லை. பிறகு வந்த ஒவ்வொரு பட்டியலையும் அதோடு வைத்துத்தான் எண்ணிப் பார்க்கிறார்கள். அதில் நியாயம் உண்டு.

பிளேயர்செக்ஷுவல் என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

நீங்கள் உருவாக்கிய பாத்திரம் ஆணோ பெண்ணோ, கம்பேனியனின் (கதையில் கூட வரும் துணைப் பாத்திரத்தின்) ஈர்ப்பு அதற்கேற்பத் திரும்பிக்கொள்வதைக் குறிக்கும் ரசிகர் சொல் அது. டிராகன் ஏஜ் 2 வந்த பிறகு இந்தச் சொல் மிகவும் அடிபட்டது. இதைப் பயன்படுத்துபவர்கள் பலர் குறையாகவே சொல்கிறார்கள்: பாத்திரத்துக்கென்று சொந்த விருப்பம் கிடையாது, எதிரே நிற்பவரைப் பார்த்து மாறுகிறது என்பது அவர்கள் வாதம்.

ஆனால் இருபாலீர்ப்பு உள்ளதாகவே எழுதப்பட்ட பாத்திரத்தையும் இதே சொல்லால் அடிப்பது தவறு. டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் விளையாட்டின் செவ்ரன் ஆண், பெண் இருவரோடும் தனக்கிருந்த பழைய உறவுகளைத் தானே பேசுகிறான். அது அவன் குணம், உங்கள் பாத்திரத்துக்காக வளைந்தது இல்லை. பழைய காதலைப் பற்றி அந்தப் பாத்திரம் வேறு யாரிடமாவது பேசுகிறதா, நீங்கள் இல்லாவிட்டாலும் அந்த விருப்பம் கதையில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது எழுதப்பட்ட குணம்.

2011-ல் டிராகன் ஏஜ் 2-ஐ ஒட்டி நடந்தது என்ன?

ஆண்டர்ஸ், ஃபென்ரிஸ், இசபெலா, மெரில் நால்வரும் நாம் ஆடும் பாத்திரமான ஹாக் ஆணானாலும் பெண்ணானாலும் கிடைத்தார்கள். கூடுதல் உள்ளடக்கத்தில் வந்த செபாஸ்டியன் மட்டும் பெண் ஹாக்குக்கு. ஆண்டர்ஸ் தானாகவே முன்வந்து தன் விருப்பத்தைச் சொல்வான். மறுத்தால் ரைவல்ரி என்ற உறவு அளவு ஏறும். "பெண்களை விரும்பும் ஆண் வீரர்கள்தான் பெரும்பான்மை, எங்களைப் புறக்கணித்துவிட்டீர்கள்" என்று ஒரு வீரர் நீண்ட புகார் எழுதினார். தலைமை எழுத்தாளர் டேவிட் கெய்டர் அதற்கு நேரடியாகவே பதில் சொன்னார்: காதல் பாதைகள் எல்லாருக்கும் உரியவை, பெரும்பான்மை என்பதால் மட்டும் கூடுதல் உரிமை வந்துவிடாது. அந்தப் பதில் சரியானது என்பதே எங்கள் கருத்து.

புகாரில் கவனிக்க வேண்டிய சிறு பகுதியும் ஒன்று இருந்தது. மரியாதையாக மறுத்தாலும் ரைவல்ரி ஏறியது பலரை உறுத்தியது. இங்கே ஒரு விவரம் தெரிந்தால் கவலை குறையும். டிராகன் ஏஜ் 2-ல் ரைவல்ரி பகை இல்லை. ஒரே அளவுகோலின் இரு முனைகள்தான் ஃப்ரெண்ட்ஷிப்பும் ரைவல்ரியும். எந்த முனையை முழுதாக எட்டினாலும் அதற்குரிய பலன் உண்டு. ரைவல்ரி வழியிலும் காதல் நடக்கும். நடுவில் தத்தளிப்பதுதான் கெடுதல். எனவே ஆண்டர்ஸை மறுத்ததால் ஆட்டம் கெடாது.

இன்குவிசிஷனில் யாருக்கு யார்?

எட்டுப் பேர். நாம் ஆடும் பாத்திரத்துக்கு இன்குவிசிட்டர் என்று பெயர். கசாண்ட்ரா ஆண் இன்குவிசிட்டருக்கு மட்டும். டோரியனும் ஆணுக்கு மட்டும். பிளாக்வாலும் செராவும் பெண்ணுக்கு மட்டும், எந்த இனமானாலும் சரி. ஜோசஃபினும் அயன் புல்லும் எல்லாருக்கும். கல்லன் மனித, எல்ஃப் இனப் பெண்களுக்கு. சோலஸ் எல்ஃப் பெண்ணுக்கு மட்டும்.

இதைக் கூட்டிப் பார்த்தால் சண்டை எங்கிருந்து வருகிறது என்று புரியும். எல்ஃப் பெண்ணுக்கு ஆறு பேர். ட்வார்ஃப், குனாரி இனப் பெண்களுக்கு நான்கு. ஆணுக்கு எந்த இனமானாலும் நான்கு. சோலஸ் எல்ஃப் பெண்ணுக்கு மட்டும் என்ற பூட்டுக்குக் கதையில் வலுவான காரணம் இருக்கிறது. அவன் யார், எல்ஃப் மக்களோடு அவனுக்கு என்ன உறவு என்பதே கதையின் மையம். கல்லனுக்கு அப்படியொரு காரணத்தைக் கதை எங்கும் சொல்வதில்லை. அதனால்தான் சோலஸ் பற்றிய கோபம் தணிந்தது, கல்லன் பற்றியது தணியவில்லை.

உரையாடல் வளையத்தில் இதயக் குறி வந்தது. அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். பிறகு ஏன் மறுத்தார்?

அந்தக் குறி "இது கொஞ்சும் பேச்சு" என்று மட்டும் சொல்கிறது. பாதை திறந்திருக்கிறது என்று சொல்வதில்லை. பெண் இன்குவிசிட்டர் கசாண்ட்ராவிடம் கொஞ்சிப் பேசலாம், இதயக் குறியும் வரும். சில நாள் கழித்து அவளே அழைத்து, மனம் நோகாதபடி தன் நிலையைச் சொல்லிவிடுவாள். சாரணர் ஹார்டிங்கிடமும் கொஞ்சலாம், இன்குவிசிஷனில் அதற்கு மேல் எதுவும் இல்லை. அவள் முழுக் காதல் பாதையோடு வந்தது பத்து ஆண்டு கழித்து, 2024-ல் வந்த அடுத்த டிராகன் ஏஜ் விளையாட்டான தி வெயில்கார்டில்.

இன்னொரு சிக்கல், இன்குவிசிஷனில் அப்ரூவல் எண் (அவருக்கு உங்களை எவ்வளவு பிடிக்கிறது என்ற அளவு) திரையில் தெரியாது. ஆரிஜின்ஸில் -100 முதல் 100 வரை கோடாகக் காட்டினார்கள். இங்கே "ஒப்புக்கொள்கிறார்", "மிகவும் ஒப்புக்கொள்கிறார்" என்ற அறிவிப்பும், நீங்கள் பேசப் போகும்போது அவர் வரவேற்கும் தொனியும்தான் அளவுகோல். பெயர் சொல்லி அன்பாக வரவேற்றால் ஏறியிருக்கிறது, "என்ன வேண்டும்" என்ற தொனி வந்தால் இறங்கியிருக்கிறது.

பாதியில் இனத்தையோ பாலினத்தையோ மாற்ற முடியுமா?

முடியாது. இன்குவிசிஷனின் பிளாக் எம்போரியம் கடையில் உள்ள கண்ணாடி முகத்தை மாற்றும், இனத்தையும் பாலினத்தையும் மாற்றாது. பால்டர்ஸ் கேட் 3-லும் ஏறக்குறைய அதே நிலைமை. 2023 ஆகஸ்ட் இறுதியில் வந்த பேட்ச் 2 (திருத்தப் பதிப்பு) முகாமில் ஒரு மாயக் கண்ணாடியை வைத்தது. அதில் முகம், குரல், பிரதிப்பெயர் எல்லாம் மாறும், இனமும் உடல்வகையும் மாறாது. ஆனால் அங்கே காதல் பாதைக்கு இவை எதுவும் தடை இல்லை என்பதால் யாருக்கும் இழப்பில்லை. இன்குவிசிஷனில் அறுபது மணி நேரம் ஆடிய பிறகு தெரிந்துகொள்வது பெரிய வலி.

அப்படியானால் பூட்டு வைப்பது சரியா, எல்லாருக்கும் திறந்துவிடுவது சரியா?

இரண்டுக்கும் விலை உண்டு. பூட்டு வைத்ததால் என்ன கிடைத்தது என்று பார்க்க, டோரியனின் தனிக்கதைக்குப் போங்கள். ரெட்கிளிஃபில் ஒரு மதுக்கடை. வழக்கமாகக் கூட்டமாக இருக்கும் இடம், அன்று காலியாக இருக்கிறது. உள்ளே காத்திருப்பவர் டோரியனின் அப்பா. மகன் ஆண்களை விரும்புகிறான் என்பதை ஏற்க முடியாமல், ரத்த மந்திரத்தால் அவனை மாற்ற முயன்றவர். டோரியன் அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டுகிறான். பெண் இன்குவிசிட்டரையும் அவன் காதலிக்கலாம் என்று விளையாட்டு விட்டிருந்தால் அந்தக் காட்சி அங்கேயே செத்திருக்கும்.

மறுபக்கம், தி வெயில்கார்டில் ஏழு கம்பேனியன்களும் நம் பாத்திரமான ரூக் யாரானாலும் திறந்தவர்கள். யாரும் தவறான பாத்திரத்தை உருவாக்கிவிட்டோமே என்று வருந்த வேண்டியதில்லை. அதில் வந்த குறை வேறு: பல பாதைகள் தாமதமாகத் திறக்கின்றன, நடுவில் காட்சிகள் மெலிந்திருக்கின்றன. அது திறந்துவிட்டதால் வந்த குறை இல்லை, எழுத்தின் அளவும் வேகமும் சம்பந்தப்பட்டது. இரண்டையும் போட்டுக் குழப்புபவர்கள் அதிகம்.

எங்கள் முடிவு: கதைக்குத் தேவையான பூட்டு இருக்கட்டும், ஆனால் பாத்திரம் உருவாக்கும் திரையிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். காரணமும் சொல்லாமல் முன்கூட்டியும் சொல்லாமல் வைக்கும் பூட்டுக்கு நியாயமே இல்லை.

பால்டர்ஸ் கேட் 3-ல் எல்லாரும் ஏன் முதல் வாரமே மேலே விழுந்தார்கள்?

2023 ஆகஸ்ட் 3 வெளியீட்டில் அது பிழை. அப்ரூவல் வரம்புகள் நினைத்ததைவிடக் குறைவாக வைக்கப்பட்டிருந்தன என்று அதை உருவாக்கிய லாரியன் நிறுவனத் தலைவர் ஸ்வென் விங்கே பிறகு பேட்டியில் சொன்னார். அதைச் சரிசெய்தும் விட்டார்கள். முதல் மாதம் ஆடியவர்களும் அடுத்த ஆண்டு ஆடியவர்களும் கேலைப் பற்றி வேறு வேறு அபிப்பிராயம் வைத்திருப்பதற்கு இது ஒரு காரணம். வாக்குவாதத்தில் இறங்குமுன் எந்தப் பேட்சில் ஆடினீர்கள் என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேலைத் தவிர்ப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு: முகாமில் ஓர் இரவு அவன் மந்திரம் கற்றுத் தருவதாக அழைப்பான். அவன் கையசைவைப் பார்த்து நீங்களும் அசைக்க வேண்டும், சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பாடம் மாதிரிதான் இருக்கும். இருவரும் வீவ் என்ற மந்திர இழையில் இணைந்தவுடன், மனத்தில் எதை நினைக்கிறீர்கள் என்று தேர்வு வரும். முத்தத்தையோ கைகோத்து நடப்பதையோ நினைத்தால் அவனுக்கு அது தெரிந்துவிடும், பாதை திறந்துவிடும். நட்போடு நிற்க வேண்டுமானால் அங்கேயே காதல் அல்லாத தேர்வை எடுங்கள். பாடத்துக்கே வரமாட்டேன் என்று மறுக்கத் தேவையில்லை.

அப்ரூவல் உச்சத்தில் இருக்கிறது, காட்சி வரவே இல்லை. ஏன்?

தூங்காததுதான் வழக்கமான காரணம். பால்டர்ஸ் கேட் 3-ன் காதல் காட்சிகள் முகாமில் லாங் ரெஸ்ட் (முழு இரவு ஓய்வு) எடுக்கும்போது வருகின்றன. பல காட்சிகள் காத்திருந்தால் வரிசையில் நிற்கும், ஓர் இரவில் எல்லாம் வந்துவிடாது. உணவை மிச்சம் பிடிக்கிறேன் என்று இரண்டு சண்டைக்கு ஒரு முறைகூடத் தூங்காமல் ஓடுபவர்கள் முதல் அங்கத்தின் பாதிக் காட்சிகளைத் தவறவிடுவார்கள். முழு ஓய்வுக்குச் சாதாரண நிலையில் 40 சப்ளை (உணவுப் பொருள்), டாக்டிஷியன் என்ற கடின நிலையில் 80. பெட்டி, பீப்பாய் எல்லாவற்றையும் திறந்து உணவை முகாமுக்கு அனுப்பிவிட்டால் பஞ்சமே வராது. பெரிய கதைப்புள்ளி ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஒரு முறை படுங்கள். தலைக்கு மேல் ஆச்சரியக்குறி உள்ளவரிடம் பேசிவிட்டுப் படுங்கள்.

கார்லாக் என்ற கம்பேனியன் விஷயம் தனி. அவள் நெஞ்சில் உள்ள இயந்திரத்தின் சூட்டால் தொட்டால் சுடும். கொல்லன் டாம்மனிடம் இன்ஃபர்னல் அயர்ன் என்ற உலோகத்தைக் கொடுத்து இரண்டு முறை சரிசெய்ய வேண்டும்: முதலில் ட்ரூயிட் தோப்பில், அடுத்து இரண்டாம் அங்கத்தில் லாஸ்ட் லைட் விடுதியில். முதல் முறை செய்தாலும் தொட முடியாது, இரண்டாவது முடிந்த பிறகுதான் முடியும். இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. விடுதியின் மாடிக்குப் போய் இசபெல்லிடம் பேசினால் தாக்குதல் தொடங்கிவிடும். தாக்கியவர்கள் அவளைத் தூக்கிப் போய்விட்டால் விடுதியின் பாதுகாப்பு ஒளி அணைந்து, டாம்மனையும் இழப்பீர்கள். எனவே விடுதிக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக டாம்மன். மாடி அப்புறம்.

ட்ரூயிட் தோப்பை அழிக்கும் வழியை எடுத்தால் கார்லாக்கும் வில் என்ற கம்பேனியனும் உங்களை விட்டுப் போய்விடுவார்கள். இது பிழை இல்லை.

வில்லுக்கு மட்டும் காட்சி குறைவு என்கிறார்களே, அது வெறும் ரசனையா?

ரசனை மட்டும் இல்லை. 2020 அக்டோபரில் தொடங்கிய முன்னோட்டப் பதிப்பில் இருந்த வில் வேறு. முழு வெளியீட்டுக்கு முன் கதையையும் குரல் நடிகரையும் மாற்றி அவனைப் புதிதாக எழுதினார்கள். அதே முன்னோட்டக் காலத்தில் வீரர்கள் ஹால்சின் என்ற பாத்திரத்தை மிகவும் விரும்பியதால் அவனுக்குக் காதல் பாதை சேர்ந்தது. ஒரு பக்கம் சேர்ந்ததையும் மறுபக்கம் மெலிந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு வருத்தம் வருவது இயல்பு. வில் கறுப்பினப் பாத்திரம் என்பதால் அந்த வருத்தத்துக்குக் கூடுதல் கனம் உண்டு. அதை அலட்சியமாகத் தள்ளுவது சரியில்லை.

ஒரே நேரத்தில் இரண்டு பேர்?

பால்டர்ஸ் கேட் 3-ல் முதல் அங்கத்தில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், பிறகு ஒருவர் "நானா, அவரா" என்று நேரே கேட்பார். பிரிந்தவரிடம் திரும்பிப் போகலாம் என்று நம்பாதீர்கள். ஹால்சினுக்குப் பகிர்ந்துகொள்வதில் தயக்கமில்லை, ஆனால் உங்கள் துணையிடம் கேட்டு வரச் சொல்வான். ஷேடோஹார்ட், அஸ்டாரியன் சம்மதிக்க வாய்ப்புண்டு. கேல் சம்மதிக்க மாட்டான்.

விட்சர் 3 (2015) இதில் கடுமை. "நவ் ஆர் நெவர்" பணியில் துறைமுகத்தில் ட்ரிஸ்ஸிடம் காதலைச் சொல்லிவிட்டு, "தி லாஸ்ட் விஷ்" பணியில் மலையுச்சியில் சிக்கிய கப்பலில் ஜின்னின் மந்திரம் கலைந்த பிறகு யெனிஃபரிடமும் காதலைச் சொன்னால், இருவரும் சேர்ந்து நாயகன் கெரால்ட்டைக் கட்டிலில் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு இருவருமே இல்லை. ட்ரிஸ் பணியை மூடுபனித் தீவுக்குக் கிளம்புமுன் முடிக்க வேண்டும், கிளம்பிவிட்டால் பணி தோற்றுப்போகும்.

ட்ரிஸ்ஸா யெனிஃபரா என்ற சண்டைக்கு வேர் எளிது. மூலக் கதைகளைப் படித்தவர்களுக்குக் கெரால்ட்டின் காதலி யெனிஃபர். 2007, 2011-ல் வந்த முந்தைய விட்சர் விளையாட்டுகளில் கெரால்ட்டுக்கு நினைவு தப்பியிருந்தது, அருகில் இருந்தவள் ட்ரிஸ். இரண்டு கூட்டமும் தங்களுக்குத் தெரிந்த கெரால்ட்டுக்காகவே வாதாடுகிறார்கள்.

ஆரிஜின்ஸில் அலிஸ்டர் கடைசியில் விட்டுப் போய்விட்டான். தப்பு எங்கே?

அவனை மன்னனாக்கியதில். மனிதப் பிரபுக் குடும்பத்துப் பெண்ணாக ஆடினால் அவனை மணந்து அரசியாகலாம். வேறு எந்தப் பின்னணியானாலும், அவன் மனம் இறுகாமல் அரியணை ஏறினால் கடமையைச் சொல்லிப் பிரிந்துவிடுவான். இதைத் தவிர்க்க, டெனரிமில் அவன் அக்கா கோல்டனாவைச் சந்தித்த பிறகு நடக்கும் பேச்சில் "எல்லாரும் தங்களைத்தான் பார்த்துக்கொள்கிறார்கள்" என்ற பொருள் வரும் பதிலைச் சொல்லுங்கள். அவன் மாறுவான், மன்னனான பிறகும் உறவு தொடரும், திருமணம் மட்டும் நடக்காது. இது தண்டனை என்று சிலர் சொல்கிறார்கள். எங்களுக்கு அது அந்த நாட்டு அரசியலின் விளைவாகவே படுகிறது. முன்பே பேச்சிலும் நடப்பிலும் அறிகுறி காட்டியிருக்கிறார்கள்.

ஸ்கைரிமில் செரானாவை ஏன் மணக்க முடியாது?

மணமுடிக்க விருப்பம் என்று காட்டும் மாராவின் தாயத்தை அணிந்து போனாலும் அவள் மறுத்துவிடுவாள். அந்தக் குடும்பத்தில் நடந்ததைத் தெரிந்தவர்களுக்கு மறுப்பு புரியும். மற்றபடி ரிஃப்டன் நகரில் மராமல் என்பவரிடம் தாயத்து வாங்கி, ஆணோ பெண்ணோ, தகுதியுள்ள யாரையும் மணக்கலாம்.

மோட் போட்டுப் பூட்டை உடைக்கலாமா?

மோட் என்பது ரசிகர்கள் செய்து ஆட்டத்தில் சேர்க்கும் மாற்றம். உங்கள் கணினி, உங்கள் ஆட்டம். இன்குவிசிஷனுக்கு ஃப்ராஸ்டி மோட் மேனேஜர் வழியாகப் பலர் செய்கிறார்கள். பால்டர்ஸ் கேட் 3-ல் 2024 செப்டம்பரின் பேட்ச் 7 முதல் மோட் மேலாளர் ஆட்டத்துக்குள்ளேயே உள்ளது. முதலில் சேவ் கோப்புகளை வேறு இடத்தில் நகலெடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மோட் மட்டும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். ஆட்டத்தின் நடுவில் மோட்டை எடுத்தால் சேவ் திறக்காமல் போகலாம்.

பூட்டு உடைந்தாலும் பதிவான குரல் மாறாது. பெண்ணைப் பார்த்து "அவன்" என்று பேசும் வரிகள் அப்படியேதான் வரும். உயரமும் பொருந்தாது. கல்லனின் முத்த அசைவு மனித, எல்ஃப் உயரத்துக்குச் செய்தது, ட்வார்ஃப் பெண்ணோடு அவன் காற்றைத்தான் முத்தமிடுவான்.

எழுதியவரிடம் போய்க் கேட்கலாமா?

கேள்வி கேட்கலாம், திட்டக் கூடாது. 2012-ல், டிராகன் ஏஜ் வரிசையை உருவாக்கிய பயோவேர் நிறுவனத்தின் எழுத்தாளர் ஒருவருக்கு இணையத்திலும் தொலைபேசியிலும் வந்த வசைகள் இந்தச் சமூகத்துக்கே அவமானம். ஒரு பாத்திரத்தின் வரிகள் பிடிக்கவில்லை என்பது யாருடைய வீட்டுத் தொலைபேசியையும் அடிக்கக் காரணம் ஆகாது. நடிகர்கள் கதையை முடிவு செய்வதில்லை, அவர்களிடம் சண்டை போடுவதில் பொருளும் இல்லை.

காதலே வேண்டாம் என்று ஆடினால் எதையாவது இழப்போமா?

முக்கியக் கதையில் எதுவும் இல்லை. சில இடங்களில் கூடுதலாகவே கிடைக்கும். இன்குவிசிஷனில் டோரியனையும் அயன் புல்லையும் நீங்கள் தொடாமல் விட்டு, இருவரையும் அடிக்கடி ஒன்றாகப் பயணத்தில் அழைத்துப் போங்கள். நடக்கும்போது முதலில் சீண்டிக்கொள்வார்கள். பிறகு ஒரு நாள் பேச்சின் தொனி மாறும், கூட வரும் மற்றவர்களும் அதைக் கவனித்துக் கேட்பார்கள். நடை நின்றால் பேச்சு அறுந்துவிடும், எனவே சண்டை இல்லாத வெளிகளில் மெதுவாகவே நடங்கள்.